ஆம்பியர் கூடினால் ஹார்டு டிஸ்க் எரியுமா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருடைய கணவர் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவர். சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எதுவானாலும் கேமராவோடு அவர்தான் நிற்பாராம். இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது வாசகி தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் எடுத்த படங்கள் எல்லாம் மேசை மேல் நிற்கவைக்கும் பெரிய கறுப்பு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. 3 டெராபைட், 2013-ல் வாங்கியது. கடையை மாற்றிய களேபரத்தில் அதன் அடாப்டர் எங்கோ போய்விட்டது. போன மாதம் ஒருவர் வந்து, "அக்கா, எங்கப்பா தவறிட்டாரு. மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம்கூட வீட்டுல இல்ல. எங்க கல்யாணத்துல அண்ணன் எடுத்தது இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் டிஸ்கைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.

டிஸ்கின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்பது மட்டும் தெரிகிறது. அடுத்து இருந்த எண் தேய்ந்துவிட்டது. பக்கத்தில் மூன்று வட்டங்கள் கொண்ட ஒரு சின்னப் படம், அது என்னவென்று புரியவில்லை. வீட்டில் ஒரு கட்டைப்பை நிறையப் பழைய அடாப்டர்கள். கல்லூரியில் படிக்கும் மகன் வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் செருகியிருக்கிறார். நீல விளக்கு எரிந்து, உள்ளே 'உய்ங்ங்' என்று சத்தம் எழும்பி, இரண்டு மூன்று நொடியில் 'டிக்' என்று அடங்கி, விளக்கும் அணைந்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்ததாம். கடையில் கேட்டால், "2 ஆம்பியர் எல்லாம் போடாதீங்க, ஆம்பியர் கூடினா டிஸ்க் எரிஞ்சிரும்" என்று சொல்லி, 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை 250 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் அதே 'டிக்'. திருப்பிக் கொடுக்கப் போனால் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கடையில், "டிஸ்கே போயிருச்சு, பெட்டியை உடைச்சு உள்ள இருக்கிறதை நேரா கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாப்போம், 800 ரூபாய். வரலைன்னா ரெக்கவரிக்கு 25,000 ஆகும்" என்றார்களாம்.

டிஸ்க் செத்துவிட்டதா? எந்த அடாப்டர் வாங்குவது? யுஎஸ்பி கேபிளிலேயே கரண்ட் போகும்போது அடாப்டர் எதற்கு? பெட்டியை உடைக்க விடலாமா? இவைதான் கேள்விகள். கடிதத்தின் கடைசியில், மறந்துபோய் எழுதியதுபோல் ஒரு வரி: "பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தடவை லேப்டாப் சார்ஜரையும் செருகிப் பார்த்தான், லைட் வரவில்லை."

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மனது ஆறட்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், டிஸ்க் இறந்துவிட்டது என்று சொல்ல ஆதாரமே இல்லை. அது கேட்ட கரண்ட் அதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு நொடி மங்கித் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கிற கரண்டைவிட, நிற்கிற நிலையிலிருந்து கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு இழுக்கும். உங்கள் டிஸ்குக்குள்ளும் ஒரு மோட்டார் இருக்கிறது. கனமான தட்டுகளை அது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேசை மேல் வைக்கும் இந்த 3.5 இஞ்ச் ரகம் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வரை கேட்கும். வேகம் பிடித்துவிட்டால் அரை ஆம்பியர் போல போதும்.

ரவுட்டர் அடாப்டர் தரக்கூடியது 0.5 ஆம்பியர். விளக்கு எரியவும் உள்ளே இருக்கும் சிப் விழிக்கவும் அது போதும். மோட்டார் சுற்றத் தொடங்கியதும் அடாப்டர் தாங்காமல் வோல்டேஜ் கீழே விழுகிறது. டிஸ்க் அணைகிறது. சுமை போனதும் அடாப்டர் மூச்சு வாங்கி எழுகிறது, டிஸ்க் மறுபடி முயற்சி செய்கிறது. நீங்கள் கேட்ட 'உய்ங்ங்... டிக்' இதுதான். 1 ஆம்பியரிலும் அதே கதை.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா 'டிக்'கும் ஒன்றல்ல. சரியான அடாப்டர் போட்டு, விளக்கு அணையாமல் எரிந்து, தட்டு ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கடிகாரம்போல 'டக், டக், டக்' என்று வந்தால், அது உள்ளே படிக்கும் முள் பழுதானதன் அடையாளம். அப்போது உடனே அணைத்துவிட வேண்டும். உங்களுக்கு விளக்கும் சேர்ந்தே அணைகிறது. அதனால்தான் எனக்கு நம்பிக்கை.

யுஎஸ்பி கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. சட்டைப் பையில் வைக்கும் சின்ன 2.5 இஞ்ச் டிஸ்குகள் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும். அதனால் கேபிள் ஒன்றே போதும். யுஎஸ்பி 3.0 துளை தரக்கூடியது 5 வோல்ட், 900 மில்லியாம்பியர். பெருக்கிப் பார்த்தால் நாலரை வாட். உங்கள் டிஸ்க் கிளம்பவே 20 வாட்டுக்கு மேல் வேண்டும். கேபிள் வழியாகப் போவது தகவல் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன ஆம்பியர் கணக்கு

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தலைகீழாகச் சொல்லிவிட்டார். உங்கள் தையல் கடைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தரக்கூடியது. அதில் தையல் மிஷின் மோட்டாரையும் மாட்டுகிறீர்கள், இரவில் 5 வாட் விளக்கையும் மாட்டுகிறீர்கள். விளக்கு எரிந்துபோகவில்லையே! விளக்கு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரும் அப்படித்தான், "இவ்வளவு வரை கேட்டால் தருவேன்" என்று அர்த்தம். 2 போட்டாலும் 3 போட்டாலும் 5 போட்டாலும் உங்கள் டிஸ்க் தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். குறைந்தால்தான் பிரச்சினை.

வோல்ட் அப்படியல்ல. டிஸ்க் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அடாப்டர் அதைத் தள்ளும். 12 கேட்கிற இடத்தில் 12தான் வேண்டும். டிஸ்க் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 சதவீதம்வரை ஏற்ற இறக்கம் தாங்கும் என்பார்கள், அதாவது சுமார் 10.8 முதல் 13.2 வரை. 19 போட்டால் பொறுக்காது.

கூடுதல் ஆம்பியர் ஆபத்து என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். எல்இடி விளக்குகளுக்குக் கரண்ட் தரும் 'டிரைவர்' என்ற பெட்டிகளில் ஒரு வகை, சொன்ன ஆம்பியரை விடாமல் தள்ளும். அதில் மாற்றிப் போட்டால் விளக்கு எரிந்தேபோகும். விளக்கு ரிப்பேர் பார்த்துப் பழகியவர் அதே கணக்கை இங்கேயும் போட்டிருக்கலாம்.

அந்த மூன்று வட்டங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். நடுவில் ஆங்கில 'சி' போல வாய் திறந்த ஒரு வளையமும் அதற்குள் ஒரு புள்ளியும் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வட்டங்கள், ஒன்றில் கூட்டல் குறி, இன்னொன்றில் கழித்தல் குறி. நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் கோடு எந்த வட்டத்தைத் தொடுகிறதோ, அதுதான் அடாப்டர் ஒயர் நுனியில் இருக்கும் பின்னின் உள்பக்கம். வெளி வளையத்திலிருந்து போகும் கோடு பின்னின் வெளிப்பக்கத்தைச் சொல்கிறது. ஹார்டு டிஸ்குகளில் வழக்கமாக நடுப்புள்ளி பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கும். டிஸ்கில் உள்ள படமும் அடாப்டரில் உள்ள படமும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் பிளஸ் போகவேண்டிய இடத்தில் மைனஸ் போகும். வோல்ட் சரியாக இருந்தாலும் டிஸ்கின் சர்க்யூட் போர்டு போய்விடும்.

கட்டைப்பையில் இருப்பவை

நான்கு அடாப்டர்களின் விவரம் எழுதியிருக்கிறீர்கள், நல்ல காரியம். ரவுட்டருடையது கதை முடிந்தது, அதை ரவுட்டருக்கே கொடுத்துவிடுங்கள். மியூசிக் கீபோர்டுடையது 9 வோல்ட், நடுவில் மைனஸ். இரண்டு வகையிலும் தப்பு. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அவசரத்தில் யார் கையிலும் சிக்கக் கூடாது.

மூன்றாவதை "செங்கல் மாதிரி கனம், 12 வோல்ட் 1 ஆம்பியர், பழைய டேப் ரிக்கார்டருக்கு வாங்கியது" என்கிறீர்கள். அந்தக் கனத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் இரும்பு டிரான்ஸ்பார்மர். இந்த வகையில் பலவற்றுக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கிடையாது. 12 என்று எழுதியிருக்கும், சுமை இல்லாமல் அளந்தால் 16, 17 காட்டும். டேப் ரிக்கார்டர் பொறுத்துக்கொள்ளும், ஹார்டு டிஸ்க் பொறுக்காது. இதே சாயலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பழைய மோடம் அடாப்டர்களில் அவுட்புட் என்ற இடத்தில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் அலை போன்ற கோடு இருக்கும். அப்படியென்றால் வெளியே வருவதும் ஏசி கரண்ட். உங்களுக்கு வேண்டியது டிசி. அதற்கு ஒரு நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் போட்டிருக்கும்.

நான்காவது ஸ்டுடியோவின் சிசிடிவி கேமராவுக்குப் போட்டிருந்தது. 12 வோல்ட், 2 ஆம்பியர். "கடைக்காரர் சொன்னதைக் கேட்ட பிறகு இதைத் தொடவே பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, நீங்கள் தேடிக்கொண்டிருப்பது அநேகமாக இதுதான். பையிலேயே இருந்திருக்கிறது.

ஆனாலும் எடுத்துச் செருகிவிடாதீர்கள், மூன்றைச் சரிபார்க்க வேண்டும். வட்டங்கள் படம் ஒத்துப்போகிறதா என்பது ஒன்று. அடுத்தது வோல்டேஜ். உங்கள் ஊர் எலக்ட்ரீஷியனிடம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 12 அல்லது அதையொட்டி வந்தால் சரி. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் பின்னின் உள்ளும் வெளியும் மாறியிருக்கிறது என்று அர்த்தம், வேண்டாம்.

மூன்றாவது, பின்னின் அளவு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் என்பது பொதுவானது. ஆனால் நடு ஓட்டை 2.1, 2.5 என்று இரண்டு அளவுகளில் வரும். 2.1 ஓட்டை உள்ள பின், டிஸ்கின் துளைக்குள் இருக்கும் 2.5 முள்ளில் ஏறவே ஏறாது, அது நல்லது. 2.5 ஓட்டை உள்ளது 2.1 முள்ளில் ஏறிவிடும், ஆனால் லொடலொடவென்று இருக்கும். கேபிள் அசையும்போதெல்லாம் கரண்ட் விட்டுவிட்டு வரும். படம் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆனால் ஃபைல்கள் கெடும். செருகியபின் மெதுவாக அசைத்துப் பாருங்கள், கிச்சென்று பிடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அந்த அடாப்டர் வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடியது. உள்ளே கரண்டைச் சீராக்கும் கெப்பாசிட்டர் வயதாகித் தளர்ந்திருந்தால், மீட்டரில் 12 காட்டிவிட்டு மோட்டார் கிளம்பும்போது மட்டும் மண்டியிடும். இதிலும் அதே 'டிக்' வந்தால் டிஸ்கைக் குறை சொல்லாமல், புதிய அடாப்டர் ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் அல்லது 3 ஆம்பியர்.

புதிது வாங்கும்போது அடாப்டரின் ஸ்டிக்கரில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் சாதன அடாப்டர்களுக்கு இந்தப் பதிவு நம் நாட்டில் கட்டாயம். 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். உங்கள் மகன் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். 3, 6, 9, 12 என்று ஸ்விட்ச் போட்டு மாற்றும் 'எல்லாவற்றுக்கும் ஒன்று' ரக அடாப்டரை மட்டும் வாங்காதீர்கள். என்றைக்காவது ஒருநாள் ஸ்விட்ச் நகர்ந்திருக்கும், அல்லது பின்னைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் குவித்துப் போட்டிருக்கும் பழைய அடாப்டர்களை நான் வாங்குவதுண்டு. ஆனால் கையில் மீட்டரோடுதான் போவேன்.

லேப்டாப் சார்ஜர் விஷயம்

லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 19 வோல்ட்டை ஒட்டி வரும். அந்தத் தம்பி செருகியது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. ரவுட்டர் அடாப்டருக்கு முன்னாலா, பின்னாலா? இது தெரிந்தால் பாதி விடை தெரிந்துவிடும்.

முன்னால் என்றால் நல்ல செய்தி. 19 வோல்ட் பட்ட பிறகும் ரவுட்டர் அடாப்டரில் விளக்கு எரிந்து மோட்டார் சுற்ற முயன்றிருக்கிறது. போர்டு பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை சார்ஜரின் பின் சரியாக ஏறாமலே இருந்திருக்கலாம். எந்தக் கம்பெனி லேப்டாப் என்று கேளுங்கள். ஹெச்பி, டெல் சார்ஜர்களின் பின் அளவு வேறு, உங்கள் டிஸ்கில் பொருந்தாது. பழைய ஆசுஸ், தோஷிபா போன்றவற்றின் பின் 5.5க்கு 2.5, அது உள்ளே போகும்.

1 ஆம்பியர் அடாப்டரையும் பார்த்து முடித்த பிறகுதான் லேப்டாப் சார்ஜர் வந்தது என்றால், கொஞ்சம் கவனமாகப் போக வேண்டும். 3.5 இஞ்ச் டிஸ்குகளின் போர்டில் 12 வோல்ட் வரும் வழியில் ஒரு பாதுகாப்பு டயோடு உட்கார்ந்திருக்கும். அளவுக்கு மீறி வோல்டேஜ் வந்தால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமில்லை. என் மேசையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு அடாப்டர்கள் கிடந்தன, 19ஐ எடுத்து 12இல் செருகிவிட்டேன். அதுவும் வாடிக்கையாளருடைய டிஸ்க். ஒரு சத்தமும் இல்லை, எல்லாம் அணைந்துவிட்டது. அரிசி மணி அளவுள்ள அந்த டயோடு செத்திருந்தது, படங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த டயோடு போயிருந்தால் எப்படித் தெரியும்? சரியான அடாப்டரைச் செருகியதும் டிஸ்கில் விளக்கே வராது. அடாப்டரில் விளக்கு இருந்தால் அதுவும் மங்கும் அல்லது அணைந்து அணைந்து எரியும். அப்படி ஆனால் உடனே உருவிவிடுங்கள், இரண்டாம் தடவை முயற்சி வேண்டாம். போர்டு வேலை தெரிந்தவரால் சரிசெய்யக்கூடிய பழுது இது. "டிஸ்க் செத்துவிட்டது" என்று யாராவது சொன்னால், டயோடை அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

பெட்டியை உடைக்கலாமா?

இப்போது வேண்டாம். எப்போதாவது தேவைப்பட்டாலும், உடைத்த பெட்டியையும் அதற்குள் இருக்கும் சின்னப் போர்டையும் எந்தக் காரணம் கொண்டும் தூக்கிப் போட விடாதீர்கள்.

உள்ளே இருப்பது சாதாரண டிஸ்க்தான், உண்மை. ஆனால் அதற்கும் யுஎஸ்பி துளைக்கும் நடுவில் ஒரு போர்டு இருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் வரிசையில் பல மாடல்களில், நீங்கள் பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும், அந்தப் போர்டு எல்லாவற்றையும் ரகசியக் குறியாக மாற்றித்தான் டிஸ்கில் எழுதும். டிஸ்கைக் கழற்றி நேராக மாட்டினால் வெறும் குப்பையாகத் தெரியும். வேறு சில பெட்டிகளில் குறியாக்கம் இல்லாவிட்டாலும், 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கைப் பழைய விண்டோஸும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அளவுக் கணக்கை மாற்றிக் காட்டும் தந்திரத்தை அந்தப் போர்டு செய்யும். உங்களுடையது 3 டெராபைட், அந்த வட்டத்துக்குள் வரக்கூடியது. நேராக மாட்டினால் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். கடைப் பையன் அவசரத்தில் 'ஆம்' அழுத்திவிட்டால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியது ஆகும். அந்த 800 ரூபாய் வேலையில் நான் பயப்படுவது இதற்குத்தான்.

அதே மாடல் டிஸ்கிலிருந்து போர்டை மாற்றினால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். டிஸ்கின் அடியில் இருக்கும் பச்சைப் போர்டில் அந்த ஒரு டிஸ்குக்கே உரிய தகவல்கள் ஒரு சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் பெயர்த்து வைக்காமல் போர்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஓடாது.

சரி, எப்படிச் செய்வது?

பகலில், கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டலாம். டிஸ்கை ஆடாத மேசையில் வைத்து, முதலில் பின்னை டிஸ்கில் செருகிவிட்டு, அப்புறம் சுவர் ஸ்விட்சைப் போடுங்கள். யுஎஸ்பி கேபிளை இன்னும் மாட்ட வேண்டாம். பெட்டிமேல் காதை வைத்து இருபது நொடி கேளுங்கள். சத்தம் எழும்பி, சீரான மெல்லிய முணுமுணுப்பாக நின்றால் மோட்டார் வேகம் பிடித்துவிட்டது. சில மாடல்கள் யுஎஸ்பி மாட்டிய பிறகுதான் சுற்றத் தொடங்கும், அமைதியாக இருந்தால் பயப்படாமல் கேபிளை மாட்டிக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் வந்ததும் 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா', 'ஃபார்மட் செய்யவா' என்று எது கேட்டாலும் 'கேன்சல்' மட்டும்தான். படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க ஆசை வரும். அதற்கு முன் காப்பி எடுங்கள்.

எதில் காப்பி எடுப்பது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். 3 டெராபைட் முழுக்க நிறைந்திருந்தால் புது டிஸ்க் ஒன்று வாங்கியாக வேண்டும். இந்த வயதுள்ள டிஸ்க் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். கையில் பணம் இல்லையென்றால், ஒரு பென் டிரைவ் வாங்கி முதலில் அந்தக் கல்யாண ஃபோல்டரையும் உங்கள் சொந்தக் குடும்பப் படங்களையும் எடுங்கள். உங்கள் கணவர் ஃபோல்டருக்குத் தேதி போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கல்யாணத் தேதியை வந்தவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேடுகிற நேரம் மிச்சம்.

250 ரூபாயும் 25,000 ரூபாயும்

நான் வக்கீல் இல்லை, கடை வைத்திருப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். ஆனால் உங்களுக்குக் கொடுத்த அடாப்டர் பழுதில்லை, உங்கள் டிஸ்குக்குப் போதாதது, அவ்வளவுதான். "இதுக்குச் சரியா இருக்கும்" என்று அவர் சொன்னதற்குப் பில்லில் ஒரு வரி இருந்தால் பேசலாம். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 250 ரூபாய்க்கு அதற்கு மேல் அலைவது வீண் என்பது என் அபிப்பிராயம். 12 வோல்ட் 2 ஆம்பியருக்கு மாற்றிக் கொடுங்கள், வித்தியாசத்தைத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

25,000 பேச்சு வேறு. அது உள்ளே படிக்கும் முள் பழுதாகி, தூசி இல்லாத அறையில் டிஸ்கைத் திறக்கும் நிலைக்குப் போனால் கேட்கும் தொகை. அடாப்டர் பிரச்சினைக்கு அல்ல. ஒருவேளை அங்கேதான் போக வேண்டியிருந்தால், டிஸ்கின் சீரியல் நம்பர் போட்ட ரசீது வாங்குங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, படம் வராவிட்டால் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் டிஸ்கை நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கில் இருப்பவை உங்கள் படங்கள் மட்டுமல்ல, ஊர்ப் பெண்பிள்ளைகளின் சடங்கு, கல்யாணப் படங்களும்தான். யார் கம்ப்யூட்டரில் காப்பி எடுக்கிறார்கள், வேலை முடிந்ததும் அழிப்பார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் கணவரை நம்பித்தான் அவர்கள் கேமரா முன் நின்றார்கள்.

சரியான அடாப்டர் எது என்று தெரிந்ததும், அதன் ஒயரிலும் டிஸ்கின் பின்பக்கத்திலும் ஒரே நிறத் துணி நாடாவைத் தைத்துக் கட்டிவிடுங்கள். உங்கள் கடையில் அதற்கா பஞ்சம்? 12 வோல்ட், 2 ஆம்பியர், நடுவில் பிளஸ் என்று நாடாவிலேயே மார்க்கரால் எழுதுங்கள். கீபோர்டு அடாப்டருக்கும் அந்தச் செங்கல்லுக்கும் சிவப்பு நாடா. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் எந்த நாள், எந்த லேப்டாப் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். திட்ட வேண்டாம், திட்டினால் சரியான பதில் வராது.